நீதிபதிமேல் பாய்ந்த எதிரி: தண்டனையைக் கூட்டுவதா, சிறை எதற்கு என்று கேட்பதா?

வடலிநிழல்

லாஸ் வேகாஸ் நீதிமன்ற வீடியோ திரும்பவும் எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் சுத்துது. அதோட சேர்த்து வாற கதைகள் பாதி பிழை. நடந்ததை முதலில ஒழுங்காப் போடுறன், பிறகு கதைப்பம்.

2024 ஜனவரி 3. அன்றைக்குத் தண்டனைத் தவணை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வேற ஒருவருக்குக் கடுங்காயம் ஏற்படுத்த முயன்ற குற்றத்தை ஏற்றுக்கொண்டவர். பிணையில் வெளியில நிண்டவர், அதனால விலங்கு இல்லை, பக்கத்தில காவலரும் இல்லை. சட்டத்தரணி நன்னடத்தைக் கண்காணிப்பில் விடச்சொல்லிக் கேட்டார். நீதிபதி அவருடைய பழைய குற்றப் பதிவைக் காட்டி மறுத்தார். அந்தக் கணத்தில ஆள் ஓடிவந்து மேசைக்கு மேலால பாய்ந்து நீதிபதிக்கு மேல விழுந்தார். நீதிபதிக்குச் சிறு காயம். இழுத்து எடுக்கப்போன காவலருக்குத் தோள்மூட்டு விலகி நெற்றியும் வெடிச்சது.

அஞ்சு நாள் கழிச்சு அதே நீதிபதி, அதே வழக்கில 19 தொடக்கம் 48 மாதம் வரை சிறை விதித்தார். தாக்கியதற்குத் தனி வழக்கு, வேற நீதிபதி. கொலை முயற்சிக்கும் வேற குற்றங்களுக்கும் 'மனநோயுடன் கூடிய குற்றவாளி' என்ற வகையில குற்றத்தை ஏற்றுக்கொண்டார். 2024 டிசம்பரில கிடைத்தது குறைந்தது 26, கூடியது 65 ஆண்டு.

என்ர கேள்வி ரெண்டு. இதை நீதிமன்றத்துக்குள்ள மறிச்சிருக்கலாமா? நாலு வருசத்துக்குள்ள முடியவேண்டிய ஒரு சிறைவாசம் 65 வரைக்கும் போகேக்க, அந்தச் சிறை என்ன வேலையைச் செய்யுது?

---

சுன்னாகம் ரவி

மறிக்கிறது பற்றி நிறையக் கதைக்கலாம். தண்டனையில எனக்குக் குழப்பமில்லை. நீதிபதியில கை வைக்கிறவன் ஊரில இருக்கிற ஆரிலயும் கை வைப்பான். புங்குடுதீவு மாணவி கொலைக்குப் பிறகு, 2015 மே 20ஆம் திகதி, யாழ் நீதிமன்றக் கட்டடத்தைக் கூட்டம் தாக்கினதை எல்லாரும் கண்டம். 2017 ஜூலையில நல்லூரில மேல் நீதிமன்ற நீதிபதியின்ர மெய்ப்பாதுகாவலர் சூடுபட்டு இறந்தார். 2025 பெப்ரவரி 19 கொழும்பு புதுக்கடையில மன்றுக்குள்ளயே சூடு. நீதிபதி பயந்துகொண்டு தீர்ப்பு எழுதினா அது தீர்ப்பில்லை. 65 வருசம் சரி.

---

நீதிமன்ற வாசல்

ரவி தம்பி, நீங்கள் சொன்ன மூண்டும் மூண்டு விதமான ஓட்டை. 2015இல் வெளியில நிண்ட கூட்டம், பிரச்சினை கேற்றிலும் சுற்றுமதிலிலும். 2017இல் வீதி. 2025இல் செத்தவர் கைதி. சுட்டவர் சட்டத்தரணி உடுப்பில வந்தார், சட்டப் புத்தகத்துக்குள்ள தாளைக் குடைஞ்சு ரிவோல்வர் வைத்து உள்ள கொண்டுவந்தது. அங்க பிழைச்சது வாசல் சோதனை. சட்டத்தரணிகளைச் சோதிக்கிறதில்லை எண்ட பழக்கத்துக்குள்ளால துவக்கு போனது. இதில ஒண்டிலயும் எதிரி நீதிபதியில பாயவில்லை. ஓட்டையைச் சரியா அடையாளம் காணாட்டி பூட்டைப் பிழையான கதவில போடுவம்.

லாஸ் வேகாஸ் ஓட்டைக்கு வருவம். அமெரிக்காவில அநேகமா எதிரிக்குக் கூண்டு இல்லை, சட்டத்தரணியோட மேசையில நிற்பார். எங்கட மேல் நீதிமன்றத்தில நெஞ்சளவு உயரத்துக்கு மரச்சட்டமடித்த கூண்டு இருக்கு. அது ஆளைப் பூட்டிவைக்காது. ஆனா பாய்ச்சலுக்கு வேண்டிய ஓட்டத்தைப் பறிக்கும். நிண்ட இடத்தில நிண்டு ஒருத்தரும் நீதிபதியின் மேசைக்கு மேலால பாய ஏலாது, ரெண்டு மூண்டு எட்டாவது ஓடவேணும். கூண்டில ஏறி இறங்குற நேரம்தான் சிறைக்காவலருக்குக் கிடைக்கிற நேரம்.

ஆபத்தான ஆள் ஆர் எண்டு கேட்டா மறியலில இருந்து விலங்கோட வாறவர் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். அவரை ஏற்றேக்க ஒருக்கா, இறக்கேக்க ஒருக்கா சோதிப்பினம், பக்கத்தில ஜெயிலர் நிற்பார். பிணையில வீட்டில இருந்து வாறவர்தான் கண்ணில படாதவர். காலமை வேட்டி சேட்டோட சனத்துக்குள்ள இருக்கிறார், பேர் கூப்பிட எழும்பிக் கூண்டுக்குப் போறார், ஒருத்தரும் தடவிப் பார்க்கிறதில்லை. தீர்ப்பு வாசிச்சு முடிய அவர் கைதி. வெளியாளாக இருந்தவர் கைதியாகிற அந்த ரெண்டு நிமிசத்துக்குள்ளதான் லாஸ் வேகாஸில எல்லாம் நடந்தது.

அதனால தீர்ப்புத் தவணையில செய்யவேண்டியது: பிணையில உள்ளவரைப் பேர் கூப்பிட முதலே தனியாக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதிக்கவேணும். ரெண்டு ஜெயிலர் தீர்ப்பு வாசிக்கத் தொடங்க முதலே கூண்டின் ரெண்டு பக்கமும் நிற்கவேணும். வாசிச்சு முடிஞ்சாப் பிறகு நடந்துபோய் நிண்டா, எதிரிக்கு முடிவு விளங்கி ஆத்திரம் ஏறுற நேரத்தில ஆக்கள் அசைவினம், அதுவே அவரைத் தூண்டும். கூண்டுக்குக் கிட்ட நிற்கிறவரிட்ட துவக்கு இருக்கக்கூடாது, துவக்கு உள்ளவர் கதவடியில நிற்கவேணும். பறிக்க ஏலாத ஆயுதம் பறிக்கிற தூரத்தில இல்லாத ஆயுதம்தான். பதிவாளர், உரைபெயர்ப்பாளர் மேசையில இருக்கிற தாள் துளைக்கிற கருவி, கண்ணாடிக் கிளாஸ், தண்ணிப் போத்தல் எல்லாம் கைக்கெட்டாத் தூரத்துக்குப் போகவேணும்.

யாழ்ப்பாணத்துக்கெண்டு ஒண்டு. வாள்வெட்டு வழக்குகளில வாளே சான்றுப்பொருள். சாட்சியத்துக்கு வெளியில எடுத்து அடையாளம் காட்டினாப் பிறகு அது மேசையில கிடக்கும். சாட்சி முடிஞ்ச உடன உறையிலிட்டு முத்திரையோட சான்றுப்பொருள் அறைக்குப் போகவேணும். தீர்ப்பு நாளில அது மன்றுக்குள்ள இருக்கத் தேவையே இல்லை.

இன்னொண்டு, மரண தண்டனை வாசிக்கேக்க எல்லாரும் எழும்பி நிற்க, மன்றின் லைற்றையும் ஃபானையும் நிப்பாட்டுறது எங்கட வழக்கம். பாதுகாப்புப் பக்கத்தால பார்த்தா, ஆகப் பயங்கரமான வசனம் வாசிக்கிற நேரத்தில வெளிச்சத்தைக் குறைச்சு, எல்லாரையும் எழுப்பி ஜெயிலரின்ர பார்வையையும் மறைக்கிறம். வழக்கத்தை விடச்சொல்லவில்லை. யன்னலை முழுக்கத் திறந்து வைச்சிட்டு நிப்பாட்டுங்கோ, முன்வரிசைச் சனத்தைக் கூண்டில இருந்து தள்ளி நிற்பாட்டுங்கோ.

---

கரவைச் சட்டம்

மேலே சொன்னதற்குச் சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

இதே சம்பவம் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் நடந்தால், நோக்கமும் செயலும் கொலை முயற்சிக்குப் போதுமானவையாக இருந்தால் தண்டனைச் சட்டக்கோவை 300ஆம் பிரிவு வரும். உச்சம் 10 ஆண்டு, காயம் ஏற்பட்டிருந்தால் 20 ஆண்டு. அந்த அளவுக்குப் போகாவிட்டால் அரச ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்குதல், 344ஆம் பிரிவு. அதற்கு மேல் நீதிமன்ற அவமதிப்பு தனியாக உண்டு. ஆக, எங்கள் சட்டத்தில் 65 என்ற எண்ணுக்கு இடமில்லை.

எண்ணைவிட முக்கியமானது பிரித்து வைப்பது. ஜனவரி 8ஆம் திகதி அந்த நீதிபதி முதல் வழக்கில் தண்டனை விதிக்கும்போது, இடையூறு நடப்பதற்கு முன்பு தான் விதிக்க இருந்த தண்டனையை மாற்றவில்லை என்று பதிவில் சொல்லிவிட்டே விதித்தார். தாக்குதல் வழக்கில் அவர் பாதிக்கப்பட்டவர், சாட்சி. அதை அவர் தொடவில்லை. அவர் கோபத்தில் முதல் வழக்கில் ஒரு மாதம் கூட்டியிருந்தாலும் மேன்முறையீட்டில் அதுவே முதலாவது வாதமாக வந்திருக்கும். ரவி சொல்லும் அந்தப் பயமற்ற தீர்ப்பு என்பது இதுதான். பயமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

எதிரி மன்றில் தொடர்ந்து குழப்பம் செய்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை 241ஆம் பிரிவின்படி, எதிரி தன் நடத்தையால் வழக்கு விளக்கத்தை, அதாவது விசாரணையை, தடுத்தால் அவர் இல்லாமலே விளக்கத்தைத் தொடரலாம். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 1970இல் இதே முடிவுக்கு வந்தது: அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், வெளியே அனுப்பலாம், ஆகக் கடைசியாகக் கட்டிவைக்கலாம். வெளியே அனுப்பினால் சட்டத்தரணி உள்ளே இருக்க வேண்டும். எதிரி ஒழுங்காக இருப்பேன் என்றால் திரும்ப எடுக்க வேண்டும். நீதிபதி எச்சரித்ததும் எதிரி சொன்ன பதிலும் சொல்லுக்குச் சொல் வழக்கேட்டில் ஏற வேண்டும். பல இடங்களில் 'எதிரி குழப்பம் விளைவித்தார்' என்று ஒரு வரியோடு விடுகிறார்கள். மேல்மன்றத்தில் அது நிற்காது.

---

மருந்துச்சீட்டு

ஒருத்தரும் தொடாத ஒண்டு. அந்த ஆளுக்கு மனச்சிதைவும் இருமுனை மனநிலைக் கோளாறும் இருக்கு எண்டும், மருந்து எடுக்காமல் இருந்தவர் எண்டும் அவருடைய தரப்பு மன்றில சொன்னது. பாய்ஞ்சதை அது நியாயப்படுத்தாது. ஆனா அடுத்த பாய்ச்சலை மறிக்கிற வழி அதுக்குள்ள இருக்கு.

மருந்து எப்பிடித் தவறுது எண்டு சொல்லுறன். எங்கட கிளினிக்குகளில கனபேருக்கு ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு ஒருக்கா ஊசி. ஆள் கைதாகி விளக்கமறியலுக்குப் போறார். கிளினிக் கொப்பி வீட்டில அலுமாரிக்குள்ள. சிறை மருந்தகத்தில கேட்டா, ஆளே 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லை' எண்டு சொல்லுவார், ஏனெண்டா அந்த நோயின்ர தன்மையே அதுதான். ஊசி தவறினா அடுத்த நாளே குழம்பமாட்டார். மருந்து உடம்பில இருந்து மெல்ல இறங்கும், கிழமைகள் போய், சிலருக்கு மாதங்கள் போய்த்தான் நித்திரை குழம்பி, சந்தேகம் ஏறி, தனக்குள்ள கதைக்கத் தொடங்கும். ரெண்டாவது மூண்டாவது தவணை வாற நேரம் அது. குளிசை எடுக்கிறவருக்கு வேற பிரச்சினை: தவணை நாளில விடிய முதல் பஸ்ஸில ஏற்றுவினம், காலமை மருந்து தவறும், பகல் முழுக்கச் சாப்பாடும் நேரத்துக்கு இல்லை. அந்த உடம்போடதான் கூண்டில ஏறுறார்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது: கைதான அண்டைக்கே கிளினிக் கொப்பியின்ர கடைசி மூண்டு பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து ஒண்டு சட்டத்தரணிக்கு, ஒண்டு சிறை மருத்துவருக்கு. அடுத்த ஊசித் திகதியைப் பெரிசா மேல எழுதுங்கோ. சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (மன்றிட்டக் கேட்கிற மனு) போட்டு, மனநல மருத்துவரின்ர அறிக்கைக்குக் கட்டளை எடுக்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. கொழும்புக்கு அனுப்பவேணும் எண்டு எல்லா வழக்குக்கும் இல்லை.

---

சுன்னாகம் ரவி

மருந்துச்சீட்டு அக்கா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா இப்பிடிச் சொல்லிச் சொல்லியே எல்லாரும் வருத்தக்காரர் ஆகீனம். வாளால வெட்டுறவனும் நாளைக்குக் கிளினிக் கொப்பி கொண்டருவான். காயப்பட்ட காவலருக்கு ஆர் கொப்பி தாறது?

---

கரவைச் சட்டம்

அதற்குச் சட்டத்தில் வாசல் மிக ஒடுக்கம். எங்கள் 77ஆம் பிரிவு மனநோய் இருந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. செய்த நேரத்தில் செயலின் தன்மையை, அது பிழை அல்லது சட்டவிரோதம் என்பதை அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் பரீட்சை. அதை நிரூபிக்கும் பாரம் எதிரிக்கு. கொப்பி ஒன்றைக் காட்டித் தப்ப முடியாது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் உள்ளதுபோல 'மனநோயுடன் கூடிய குற்றவாளி' என்ற நடுவகையும் எங்களிடம் இல்லை. அங்கேயும் அது தண்டனையைக் குறைக்கவில்லை, 65 வரை போனது அந்த வகையில்தான். இங்கே 77க்குள் வராதவரின் நோய், தண்டனையைத் தீர்மானிக்கும்போது தணிக்கும் காரணியாக வரலாம், அவ்வளவே.

---

ஒஸ்லோ கீதா

65 வருசம் எண்ட எண்ணைப் பற்றி. நோர்வேயில சாதாரணக் குற்றங்களுக்கு உச்சச் சிறை 21 ஆண்டு. ஆனா அதுக்குப் பக்கத்தில தடுப்புச் சிறை எண்டு ஒரு வகை இருக்கு. நீதிமன்றம் ஒரு காலத்தை விதிக்கும், அது முடியேக்க ஆள் இன்னும் ஆபத்தானவர் எண்டு அரசதரப்பு நிரூபிச்சா, ஒருமுறைக்கு ஆகக்கூடியது 5 ஆண்டு நீட்டலாம். திரும்பத் திரும்ப நீட்டலாம். 2011 ஜூலை 22இல 77 பேரைக் கொன்றவருக்கு 2012 ஓகஸ்டில கிடைத்தது இந்த வகைதான்: 21 ஆண்டு, அதில குறைந்தது 10. பத்து முடிய விடச்சொல்லிக் கேட்டார், 2022இல நீதிமன்றம் மறுத்தது.

ரவி அண்ணைக்கு வேண்டியது அந்த ஆள் வெளியில வந்து இன்னொருத்தரைத் தாக்கக்கூடாது எண்ட உறுதி. அதை ரெண்டு மாதிரிக் குடுக்கலாம். 65 எண்டு இண்டைக்கே எழுதி மூடிவிடலாம், 90 வயதில ஆள் எப்பிடி இருந்தாலும் உள்ள. அல்லது குறிச்ச காலத்துக்கு ஒருக்கா மன்றம் திறந்து பார்க்கலாம். ரெண்டாவது பாதுகாப்புக் குறைஞ்சது இல்லை. ஆனா ஆளில என்ன மாறினது எண்டு சொல்ல அங்க ஆரோ ஒராள் வேலை செய்யவேணும். இங்க சிறை அலுவலருக்கு ரெண்டு வருசப் படிப்பு, உளவியல், சட்டம், மோதலைத் தணிக்கிறது எல்லாம் அதுக்குள்ள. எண்ணை எழுதி மூடிவிடுற பூட்டை விட, திறந்து பார்க்கிற பூட்டுக்குக் கனக்க ஆக்கள் வேணும், அது மறுக்கேலாத செலவு.

---

வடலிநிழல்

நீதிமன்ற வாசல் அண்ணை, அப்ப எல்லாரையும் விலங்கோட கூண்டில ஏத்தினா முடிஞ்சுதே? ஏன் கழட்டுறம்?

---

நீதிமன்ற வாசல்

கழட்டத்தான் வேணும். ஐக்கிய நாடுகளின் நெல்சன் மண்டேலா விதிகள், 2015, அதில 47ஆம் விதி: கொண்டுபோகேக்க தப்பாமல் இருக்க விலங்கு போடலாம், நீதிமன்றத்துக்கு முன் தோன்றும்போது கழட்டவேணும். தீர்ப்பு வரும்வரைக்கும் அவர் குற்றவாளி இல்லை எண்டுறது எங்கட அரசியலமைப்பு 13(5). விலங்கோட நிற்கிற ஆளைப் பார்க்கிற சாட்சிக்கும் சனத்துக்கும் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லியாச்சு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல, தண்டனைக் கட்டத்திலகூட ஜூரிக்குத் தெரியிற மாதிரி வழமைக்கு விலங்கு போடக்கூடாது, அந்த ஆளுக்கெண்டு காரணம் காட்டவேணும் எண்டு சொன்னது. அந்த ஆளுக்கெண்டு காரணம், அதுதான் விதி. எல்லாருக்கும் போடுறதும் இல்லை, ஒருத்தருக்கும் போடாமல் விடுறதும் இல்லை.

விலங்கு இருந்தும் பிழைச்சதுக்கு உதாரணம் அமெரிக்காவின் அற்லாண்டா நீதிமன்றம், 2005 மார்ச் 11. ஆள் மறியலில இருந்து வந்தவர். ரெண்டு நாளுக்கு முதலே அவர் சப்பாத்துக்குள்ள செய்து வைச்ச உலோகத் தகடுகள் பிடிபட்டது. நீதிபதியும் சட்டத்தரணிகளும் கூடுதல் காவல் கேட்டினம். அண்டைக்குக் காலமை சிவில் உடுப்பு மாற்ற ஒரேயொரு காவலர் தனியாக் கொண்டுபோய் விலங்கைக் கழட்டினார். அவரை அடிச்சு விழுத்தி, திறப்பை எடுத்து, பூட்டின பெட்டிக்குள்ள இருந்த துவக்கை எடுத்தார். கமரா அதைக் காட்டினது, திரைக்கு முன்னால பார்க்க ஆள் இல்லை. பிறகு நீதிபதியும் சுருக்கெழுத்தாளரும் மன்றுக்குள்ள, இன்னொரு காவலர் வெளியில, அண்டைக்கு இரவு குடிவரவு சுங்க அலுவலர் ஒருவர், நாலு உயிர்.

பிழைச்சது ஒவ்வொண்டும் சின்னது. எச்சரிக்கை கிடைச்சும் ஆள் எண்ணிக்கையை மாற்றவில்லை. விலங்கு கழட்டுற இடம் ரெண்டு பேருக்குக் குறையாமல் நடக்கவேண்டிய இடம், பலத்தில சமமில்லாத ஒருத்தரை விட்டது. துவக்கின் திறப்பு அந்தக் காவலரிட்டயே இருந்தது.

எங்கட பக்கம் இதுக்குச் சமமானது நீதிமன்றச் செல்லுக்கும் கூண்டுக்கும் இடையில உள்ள நடை. சோதனை எண்டா சட்டைப் பொக்கற்றைத் தட்டுறது இல்லை. செருப்பைக் கழட்டி அடியை வளைச்சுப் பாருங்கோ, ரெண்டு தட்டாப் பிரியுதா எண்டு. சாரத்தின்ர மடிப்பு, சேட்டின்ர கொலர் ஓரம், வாய், தலைமயிர். கைக்கருவி உலோகத்தைத்தான் காட்டும், தீட்டின பல்துலக்கிக் கைபிடியைக் காட்டாது. கக்கூசுக்குப் போய்வந்தா திரும்பச் சோதிக்கவேணும், அங்க ஆரும் முதலே ஒளிச்சு வைச்சிருக்கலாம். உறவுக்காரர் குடுக்கிற சோத்துப் பார்சலை ஏறுற நேரம் கையில குடுக்கவிடாமல், திறந்து பார்த்து செல்லுக்குள்ள குடுக்கலாம். சனத்துக்கு மரியாதைக் குறைவில்லாமலே செய்யலாம்.

---

கரவைச் சட்டம்

வடலிநிழலின் இரண்டாவது கேள்வி இன்னும் கிடக்கிறது, சிறை என்ன வேலை செய்கிறது.

மண்டேலா விதிகளின் 4ஆம் விதி நேராகவே சொல்கிறது: சிறையின் நோக்கம் குற்றத்திலிருந்து சமூகத்தைக் காப்பதும் மீள்குற்றத்தைக் குறைப்பதும். இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 10ஆம் உறுப்புரையில், கைதிகளை நடத்தும் முறையின் முதன்மை நோக்கம் திருத்தமும் சமூகத்துக்குத் திரும்பச் சேர்த்தலும். கொழும்பு வெலிக்கடைச் சிறை மதிலிலும் கைதிகளும் மனிதர்களே என்று எழுதியிருக்கிறது. அந்த மதிலுக்குள்தான் 1983 ஜூலை 25, 27இல் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கைதியின் உயிர் அரசின் கையில் இருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதே மதிலுக்குள் 2012 நவம்பரில் 27 பேர், 2020 நவம்பரில் மஹர சிறையில் 11 பேர்.

கைதிகள் தொகை சிறைகளின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். உள்ளே இருப்போரில் பெரும்பகுதி தீர்ப்பு வராத விளக்கமறியல். தண்டனை பெற்று ஆண்டுதோறும் உள்ளே போவோரில் ஒரு பெரிய பங்கு தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். இவர்கள் படுக்கும் இடம்தான் உண்மையில் ஆபத்தான ஒருவரைத் தனித்துக் கவனிக்க வேண்டிய இடம். ரவிக்கு இதை ஒரு பாதுகாப்பு வாதமாகவே சொல்கிறேன்: கசிப்புக்கு (கள்ளச்சாராயத்துக்கு) விதித்த தண்டம் கட்டாதவரைச் சிறைக்குப் பதிலாக 1999இன் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்கு அனுப்பினால், ஜெயிலருக்கு வாள்வெட்டுக்காரனைப் பார்க்கக் கண் மிஞ்சும். அந்தக் கட்டளையை எதிரியின் சட்டத்தரணி கேட்க வேண்டும். கேட்டால் மன்று அலுவலரிடமிருந்து அறிக்கை எடுக்கும். எத்தனை வழக்கில் கேட்காமலே தண்டமும் தவறினால் மறியலும் என்று முடிந்துபோகிறது!

இன்னொன்று, கொலைக் குற்றத்துக்கு 296ஆம் பிரிவில் மரண தண்டனை கட்டாயம். நீதிபதிக்குத் தெரிவு இல்லை. 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. அதனால் அது எப்போது முடியும் என்று தெரியாத சிறை. ஒழுங்காக நடந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல எதுவும் இல்லாத ஒரு மனிதரை ஜெயிலர் ஒவ்வொரு நாளும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. 65 ஆண்டும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். நெவாடாவில் 26இல் பரோல் கேட்கலாம் என்பது ஒரு கதவாவது. என்னைக் கேட்டால் 26உம் கூடத்தான், ஒருவரும் சாகவில்லை, துவக்கில்லை, அவருடைய நோய் பதிவில் இருக்கிறது. எங்கள் 20 ஆண்டு உச்சம் அந்தச் செயலுக்குப் போதும்.

---

சுன்னாகம் ரவி

20 எண்டா 20. ஆனா மருந்தையும் மறியலில இருந்து வெளியில விடேக்க ஆர் பார்க்கிறது எண்டதையும் அந்தத் தண்டனையோட சேர்த்து எழுதவேணும், இல்லாட்டி 21ஆம் வருசம் திரும்ப இதே வீடியோதான். கீதா தங்கச்சி சொன்ன மாதிரித் திறந்து பார்க்கிற மன்று எங்களிட்ட இல்லையே.

காயப்பட்ட காவலர் பற்றிக் கேட்டன், ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

---

கரவைச் சட்டம்

சொல்கிறேன். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல் 4ஆம் இலக்கமாக வந்தது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. மன்றுக்குள் காயப்பட்ட சிறைக்காவலரும் உரைபெயர்ப்பாளரும் இதன் கீழ் பாதிக்கப்பட்டவர்களே, அரச ஊழியர் என்பதால் விலகிப் போவதில்லை. குற்றத்தீர்ப்புக்குப் பிறகு, தண்டனைக்கு முன், குற்றம் தன் வாழ்வைப் பாதித்த விதத்தைத் தானாகவோ சட்டத்தரணி மூலமோ மன்றுக்குச் சொல்லலாம்.

செய்ய வேண்டியது: காயப்பட்ட அன்றைக்கே வைத்தியசாலையில் அனுமதிபெற்று சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. 'கடமையில் சின்னக் காயம்' என்று வீட்டுக்குப் போய்விட்டால் மூன்று மாதம் கழித்துத் தோள் தூக்க முடியாதபோது ஆவணம் இருக்காது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வேலைக்குப் போகாத நாட்களுக்கான மருத்துவ லீவு, எக்ஸ்ரே, மருந்துச் செலவுப் பற்றுச்சீட்டு எல்லாம் ஒரு கோப்பில். தண்டனைத் தவணைக்கு முதல் அதை அரச சட்டவாதியிடம் கொடுத்து, நட்டஈடும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். தண்டனை வாசித்த பிறகு கொண்டுபோனால் அந்த மன்றில் அதற்கு இடமில்லை.